அடிக்கட்டைகள்

பெட்டியில் வாத்தியக் கருவியின் பெயர்.
"மாண்டலினாம், கம்பியைக் காணேல்லை"
என்று சிரித்தார் கடைக்காரர்.
கஸ்தூரியார் வீதி. இரண்டாயிரத்து நானூற்றைம்பது.
குறைத்துக் கேட்டேன், ஐம்பது இறங்கினார்.
கூடவே ஒரு பிளாஸ்டர் பெட்டியும் தந்திருக்கலாம்.

வாங்கியது யாரென்று சொல்லிவிடுகிறேன்.
பெரியாஸ்பத்திரியில்
மருந்து கட்டும் அறையில் எனக்கிது பதினோராம் வருடம்.
கிழமைக்கு ஒருவராவது வருவார்
பெருவிரல் நுனியைத் துவாயில் சுற்றிக்கொண்டு.
கத்தி வெட்டு ஒரு கோடு. இரண்டு கரையையும் சேர்த்துத் தைக்கலாம்.
இது கரையே வைக்காது.
வட்டமாய் ஒரு வில்லை,
எடுத்துக்கொண்டு போய்விடும்.

"என்ன சீவினீங்கள்?"
எல்லாரிடமும் கேட்பேன், பதிவேட்டில் அதற்கு இடமில்லாவிட்டாலும்.
கோவா. வாழைக்காய். பீற்றூட்.
கொக்குவிலில் இருந்து வந்தவருக்கு
எது இரத்தம் எது பீற்றூட் என்று தெரியவில்லை.
கழுவும்வரை எனக்கும்தான்.

குருநகர் ஜெசிந்தா ஆனி மாதம் வந்தா.
மகனுக்கு முதல் நன்மை, அறுபது பேருக்குச் சாப்பாடு.
நான் சுற்றச் சுற்ற அவ சொன்னா:
"தம்பி, அதை எறியச் சொல்லிப்போடாதேங்கோ.
அம்பத்தெட்டுப் பேருக்குச் சலட் வெட்டின பிறகுதானே
விரலைக் கேட்டது."

அன்று பின்னேரம்தான் வாங்கினேன்.
ஏனென்று கேட்டால் பதிலில்லை.

வினோதரிக்குக் கிளிநொச்சியில் பள்ளிக்கூடம்.
ஐந்தே முக்காலுக்கு பஸ்.
ஆகவே குசினி காலையில் என்னுடையது.
பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு சொல்தான் சொன்னா:
"நீங்களோ?"

பாவற்காய் விழுந்தது, ஒரே தடிப்பில்,
யாரோ அச்சடித்த காசு போல.
என் கத்தி வெட்டினால்
மெல்லியது கருகும்போது தடித்தது பச்சையாய்க் கிடக்கும்.
ஒரே சட்டி, ஒரே எண்ணெய்,
எல்லாம் ஒன்றாய்ச் சிவந்ததை அன்றுதான் கண்டேன்.
அடுப்பை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணக்கும் பார்த்தேன்.
கத்தியால் ஒன்பது நிமிடம்.
இதால் இரண்டு.
பழைய பல்துலக்கும் பிரஷால்
அலகின் இடுக்கில் கரட் நாரைக் கிளறிக் கழுவ ஐந்து.
பயத்துக்கு இரண்டு.

வெங்காயத்துக்கு எடுப்பதில்லை.
தக்காளிக்கு எடுத்தேன், ஒருமுறை. சுவரைக் கழுவினேன்.
பலகையோடு வந்த காப்புப் பிடியை
வினோதரி சவர்க்காரம் வைக்க எடுத்துவிட்டா.
கேட்டு வாங்குவதற்குள்
ஒரு கிழமை முள்ளுக்கரண்டியில் குத்திச் சீவினேன்.
என் அறைக்கு வருகிறவர்கள் சொல்லும் கதைகள்
இப்படித்தான் தொடங்கும்.

காப்பு போட்டுச் சீவினால்
கடைசி ஓர் அங்குலம் சீவுப்படாது.
காப்பின் பல்லில் குத்துப்பட்டபடி நிற்கும்
கரட்டின் அடி, வாழைக்காயின் அடி, ஒரு துண்டு பீற்றூட்.
நாளுக்கு ஐந்தாறு சேரும்.
விரலுக்குப் பதிலாய்க் கொடுத்தவை அவை.
எறிய மனம் வராது.
கோப்பையில் போட்டு வைத்து, வெள்ளிக்கிழமை
கத்தியை எடுத்துக் கோணல்மாணலாய் வெட்டி
சாம்பாரில் போட்டுவிடுவேன்.

நேற்று இரவு டியூட்டியில்
சகமருத்துவத் தாதி கிருபாஜினி கேட்டா:
"அண்ணை, நானும் ஒண்டு வாங்கட்டோ?"
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.
வாழைக்காய்ப் பொரியல்.
ஒன்றை எடுத்து ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தா.
கடித்தா. நொறுங்கிய சத்தம்
மூன்றாவது கட்டில்வரை கேட்டிருக்கும்.

"கையைக் காட்டுங்கோ."
காட்டினேன். எண்ணினா, பத்தும் சரி.
இடது சுட்டுவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில்
வந்து நின்றா.

"அது கத்தி," என்றேன்.
"வெள்ளிக்கிழமை. சாம்பாருக்கு வெட்டேக்க."

அவ நம்பேல்லை.
இன்னொரு வில்லையை எடுத்தா.